ஹென்றி ஃபீல்டிங்: நாடகக்காரர் எப்படி நாவலாசிரியர் ஆனார்?

பாலக்கோட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து தருமபுரிக்கு வந்து பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 'டாம் ஜோன்ஸ்' எழுதிய ஹென்றி ஃபீல்டிங் முதலில் நாடகம் எழுதிக்கொண்டிருந்தவர் என்று வகுப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டார்களாம். அவர் ஏன் நாடகத்தை விட்டார், அந்தப் பழக்கம் நாவலுக்கு ஏதாவது உதவியதா, கதைக்கு நடுவில் ஆசிரியரே வந்து பேசுகிற அத்தியாயங்களைத் தாண்டிவிட்டுப் படிக்கலாமா? மூன்று கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாண்டாதீர்கள். அந்த நாடகக்காரர் நின்று பேசுகிற இடமே அதுதான். மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல அவர் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

ஃபீல்டிங் 1707 ஏப்ரல் 22ஆம் தேதி இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், ஷார்ப்பம் என்ற இடத்தில், அம்மாவைப் பெற்ற தாத்தா வீட்டில் பிறந்தார். தாத்தா நீதிபதி. அப்பா ராணுவ அதிகாரி, கையில் காசு தங்காத மனிதர். 1718இல் அம்மா இறந்துபோக, அப்பா மறுமணம் செய்துகொள்ள, பிள்ளைகள் யாரிடம் வளர்வது, சொத்து யார் பொறுப்பில் இருப்பது என்று பாட்டிக்கும் அப்பாவுக்கும் கோர்ட்டில் வழக்கு நடந்தது. பையன் ஈட்டன் பள்ளியில் படித்தார். கிரேக்கமும் லத்தீனும் அங்கே ஊறியதுதான், கடைசிவரை அவர் எழுத்தில் அது இருக்கும்.

முதல் நாடகம் 1728 பிப்ரவரியில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் ஏறியது. வயது 20. நாலு நாள் ஓடியது. அப்புறம் ஹாலந்தில் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார், அப்பாவிடமிருந்து பணம் ஒழுங்காக வரவில்லை, 1729இல் திரும்பிவிட்டார். கூலிக்கு எழுதுவது அல்லது கூலிக்கு வண்டி ஓட்டுவது, இந்த இரண்டைத் தவிர தனக்கு வேறு வழியில்லை என்று அவர் சொன்னதாக உறவுக்காரரான லேடி மேரி மாண்டேகு எழுதியிருக்கிறார். எழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த எட்டு வருஷத்தில் அவர் எழுதியது சுமார் 25 நாடகம். லண்டனில் அந்தக் காலத்தில் அவரளவு எழுதிக் குவித்தவர், அவரளவு பேசப்பட்டவர் வேறு யாரும் இல்லை என்றே சொல்லலாம். ஹேமார்க்கெட்டில் ஒரு சின்ன கொட்டகை, பெரிய அரங்குகள் தொடத் தயங்குகிறதையெல்லாம் அங்கே போட்டுவிடலாம். 1730இல் 'டாம் தம்ப்' என்று ஒரு நாடகம். கட்டைவிரல் அளவு வீரன், அவனைப் பார்த்து நடுங்குகிற ராஜசபை, வீரம் பொங்குகிற பெரிய பெரிய வசனம், கடைசியில் அவனைப் பசுமாடு விழுங்கிவிடும், அந்தச் செய்தியைக் கேட்டவர்கள் ஒருவரையொருவர் குத்திக்கொண்டு மேடையில் வரிசையாகச் சாவார்கள். அன்றைய சோக நாடகங்களின் வெட்டி முழக்கத்தை அவர் கிழித்த விதம் அது.

ஆனால் உங்கள் கேள்விக்கு வேண்டியது அவருடைய இன்னொரு வகை நாடகம். 'ஆதர்ஸ் ஃபார்ஸ்' என்ற நாடகத்தில் வாடகை கொடுக்க முடியாத ஏழை நாடக ஆசிரியன் ஒருவன் வருகிறான். அரங்க முதலாளிகள் அவன் நாடகத்தைத் தள்ளிவிடுகிறார்கள், அவன் ஒரு பொம்மலாட்டம் போடுகிறான், அந்தப் பொம்மைகளாக நிஜ மனிதர்களே நடிக்கிறார்கள். 1736இல் வந்த 'பாஸ்குவின்' இன்னும் ஒரு படி மேலே. மேடையில் நடப்பது ஒத்திகை. நாடகம் எழுதியவன் ஓரமாக நின்று, இந்த வசனம் எப்படி, அந்தக் காட்சி எதற்கு என்று பக்கத்தில் இருக்கிற விமர்சகனுக்கு விளக்கிக்கொண்டே இருப்பான். கதையும் நடக்கும், கதையைப் பற்றிய பேச்சும் நடக்கும், ஜனங்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். 60 நாளுக்கு மேல் ஓடிய நாடகம் அது, அந்தக் காலத்துக்கு ரொம்பப் பெரிய ஓட்டம்.

இதைப் படிக்கும்போது நம் பக்கத்தில் கூத்து பார்த்து வளர்ந்த யாருக்கும் கட்டியக்காரன் ஞாபகம் வராமல் இருக்காது. பென்னாகரம், பாலக்கோடு, இந்தப் பக்கம் காவேரிப்பட்டணம் என்று திரௌபதி அம்மன் கோவில் இருக்கிற ஊர்களில் பாரதம் நடக்கும்போது பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னால் கட்டை கட்டின துரியோதனன் நிற்கிறார், காலை உதைக்கிற சலங்கைச் சத்தம் மட்டும் கேட்கிறது. முன்னால் நிற்கிற கோமாளி, அவர்தான் கட்டியக்காரன், வந்திருப்பது யார், எந்த தேசத்து ராஜா என்று கேட்டு ஜனங்களுக்கு அறிமுகம் செய்கிறார். ராஜாவுக்கு வேலைக்காரனாகவும் அவர்தான் இருப்பார், நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி பேசுகிறவரும் அவர்தான். கர்ண மோட்சத்தில் பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறுகிற பாட்டு முடிந்ததும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள், கோமாளி முன்னால் வந்து மேலத்தெரு இன்னார் மகன் இன்னார் 100 ரூபாய் அன்பளிப்பு என்று சொல்லி, அவர் குடும்பம் நல்லா இருக்கணும் என்று வாழ்த்திவிட்டு, ஹார்மோனியக்காரருக்குக் கை காட்டுவார். அடுத்த பாட்டு ஆரம்பித்ததும் அதே பெண்கள் மறுபடியும் அழுவார்கள். நடுவில் ஒருவர் வந்து பேசியதால் அந்த அழுகை பொய்யாகிவிடவில்லை. இது நாடகம் என்று தெரிந்துகொண்டே அழ முடியும் என்பது நம் ஜனங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லாத விஷயம். ஃபீல்டிங்குக்கு அது ஹேமார்க்கெட் கொட்டகையில் கிடைத்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், டாம் ஜோன்ஸுக்கு வரும்போது வேண்டும்.

இப்போது ஏன் விட்டார் என்ற கதை. அவர் விடவில்லை, விட வைத்தார்கள்.

அப்போது பிரதமர் ராபர்ட் வால்போல். லஞ்சம் கொடுத்தே பார்லிமெண்ட்டைக் கையில் வைத்திருந்தவர் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் ஊரெங்கும் பேசினார்கள். ஃபீல்டிங் 1737இல் 'ஹிஸ்டாரிக்கல் ரெஜிஸ்டர்' என்ற நாடகத்தில் ஒரு ஏலக் காட்சி வைத்தார். ஏலத்துக்கு வருகிற சாமான்கள் என்ன தெரியுமா? மிச்சம் மீதி இருக்கிற அரசியல் நேர்மை ஒரு துண்டு. மூன்று குன்றிமணி எடை தன்னடக்கம். துளி கறை இல்லாத மனசாட்சி ஒன்று. இதற்கெல்லாம் சரியான விலை கேட்க ஆளில்லை. கடைசியில் அரண்மனைச் செல்வாக்கு என்று ஒரு உருப்படி வருகிறது, அது ஆயிரம் பவுண்டுக்குப் போகிறது.

அதே நாடகத்தின் முடிவு இன்னும் கூர்மையானது. தேசபக்தர்கள் என்று சொல்லிக்கொள்கிற நாலு பேர் கொதித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஆள் வந்து அவர்கள் கையில் காசைக் கொட்டுகிறான். உடனே கொதிப்பு அடங்கிவிடுகிறது. அவன் பிடில் வாசிக்கிறான், இவர்கள் அதற்கு ஆடுகிறார்கள். ஆட ஆட, பாக்கெட்டில் ஓட்டை, காசு எல்லாம் கீழே விழுகிறது, பிடில்காரன் குனிந்து தன் காசைத் தானே பொறுக்கிக்கொண்டு போய்விடுகிறான். அந்த ஆள் யார் என்று லண்டனில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

அந்த வருஷம் ஜூன் மாதமே நாடக உரிமச் சட்டம் வந்துவிட்டது. 'கோல்டன் ரம்ப்' என்று ராஜாவைக் கேவலமாகக் காட்டுகிற ஒரு நாடகப் பிரதி வால்போல் கைக்கு வந்து சேர்ந்தது, அதைச் சபையில் காட்டித்தான் சட்டத்தைக் கொண்டுவந்தார். அந்த நாடகம் மேடை ஏறவே இல்லை, யார் எழுதியது என்பதும் இன்றுவரை உறுதியாகவில்லை, பிரதியும் மிஞ்சவில்லை. பிரபுக்கள் சபையில் செஸ்டர்ஃபீல்டு பிரபு எதிர்த்துப் பேசினார், பலிக்கவில்லை. இனிமேல் எந்தப் புது நாடகமானாலும் அரண்மனை அதிகாரி லார்டு சேம்பர்லின் படித்துப் பார்த்து அனுமதி கொடுத்த பிறகுதான் போட வேண்டும், அதுவும் லண்டனில் ராஜாவின் உரிமம் பெற்ற அரங்குகளில் மட்டும்தான். ஹேமார்க்கெட் கொட்டகையில் ஃபீல்டிங்கின் குழு கலைந்தது. அந்தத் தணிக்கை முறை இங்கிலாந்தில் 1968 வரைக்கும் இருந்தது என்றால் நம்புவீர்களா, 231 வருஷம்.

இந்தச் சட்டத்தின் வாரிசு நம் ஊருக்கும் வந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். 'நீல தர்ப்பணம்' போன்ற வங்காள நாடகங்கள் வெள்ளைக்காரனை உறுத்த, 1876இல் நாடக நிகழ்ச்சிச் சட்டம் போட்டார்கள். சுதந்திரம் வந்த பிறகும் அது போகவில்லை. எம்.ஆர். ராதா ராமாயண நாடகம் போட்ட காலத்தில், 1954இல், சென்னை மாநிலம் தனியாகவே இன்னொரு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டு, 2013இல்தான் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பேனாவை விட மேடையைப் பார்த்துத்தான் ஆட்சியில் இருக்கிறவர்கள் அதிகம் பயந்திருக்கிறார்கள். புத்தகத்தை ஒருவர் தனியாகப் படிக்கிறார். நாடகத்தை நானூறு பேர் சேர்ந்து பார்த்துச் சேர்ந்து சிரிக்கிறார்கள், ஒரு மந்திரியைப் பார்த்து நானூறு பேர் ஒன்றாகச் சிரித்துவிட்டால் அப்புறம் அவர் மேல் இருந்த பயம் போய்விடும்.

சரி, 1737இல் ஃபீல்டிங்குக்கு வயது 30. 1734இல் சார்லட் க்ராடாக்கைக் கல்யாணம் செய்திருந்தார், குழந்தைகள் இருந்தன, தொழில் ஒரே சட்டத்தில் போய்விட்டது. அந்த வருஷ நவம்பரிலேயே லண்டனில் வக்கீல்கள் பயிலும் மிடில் டெம்பிளில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். வழக்கமாக ஆறேழு வருஷம் ஆகிற படிப்பை மூன்று வருஷத்துக்குள் முடித்து 1740 ஜூனில் வக்கீல் ஆனார். வழக்கு பெரிதாக வரவில்லை. பத்திரிகையில் எழுதினார், கடன் வாங்கினார்.

அதே வருஷக் கடைசியில் சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'பமீலா' வந்து லண்டனையே கலக்கியது. வேலைக்காரப் பெண் ஒருத்தி, எஜமானனின் வலையில் விழாமல் தன்னைக் காத்துக்கொண்டு, கடைசியில் அதே எஜமானனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். ஒழுக்கத்துக்குப் பரிசு! ஃபீல்டிங்குக்கு இது பொறுக்கவில்லை. நல்லவளாக இருந்தால் பணக்கார மாப்பிள்ளை கிடைப்பான் என்பது ஒழுக்கமா வியாபாரமா என்று அவருக்குக் கேள்வி. 1741இல் 'ஷமேலா' என்று ஒரு கேலிப் புத்தகம் பேர் போடாமல் எழுதினார். 1742 பிப்ரவரியில் 'ஜோசப் ஆண்ட்ரூஸ்'. பமீலாவின் தம்பி என்று ஒரு பையனை வைத்து ஆரம்பிக்கிறார், கொஞ்ச தூரத்திலேயே கேலி பின்னால் போய்விடுகிறது, ஆடம்ஸ் என்கிற வெள்ளந்திப் பாதிரியாரும் ஜோசப்பும் சாலையில் நடக்க நடக்கச் சொந்தமாக ஒரு நாவல் எழுந்துவிடுகிறது. செர்வாண்டிஸ் பாணியில் எழுதியது என்று தலைப்புப் பக்கத்திலேயே போட்டிருப்பார். (செர்வாண்டிஸின் டான் கிஹோட்டே மேல் பைத்தியமாக இருந்த இன்னொருவர் நம் மாவட்டத்தோடு சம்பந்தப்பட்டவர்: 1790களில் பாரமகால் என்று அப்போது சொன்ன இந்தப் பகுதியில் வேலை பார்த்து தருமபுரியில் குடியிருந்த கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ. அந்தப் புத்தகத்தை மூலத்தில் படிப்பதற்காகவே சின்ன வயதில் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டவர் அவர்.)

ஜோசப் ஆண்ட்ரூஸில் ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன், ஃபீல்டிங் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். திருடர்கள் ஜோசப்பை அடித்து, போட்டிருந்த துணியையும் உருவிக்கொண்டு, சாலை ஓரப் பள்ளத்தில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு கோச் வண்டி வருகிறது. முனகல் சத்தம் கேட்டு நிற்கிறது. வண்டிக்காரனுக்கு நேரம் ஆகிறது, அதோடு இவனுக்குக் கூலி யார் தருவது என்று கவலை. உள்ளே இருக்கிற சீமாட்டிக்கு, துணியில்லாத ஆளோடு எப்படி உட்காருவது என்று அருவருப்பு. கிழவர் ஒருவருக்குத் திருடர்கள் இன்னும் பக்கத்தில் இருப்பார்களோ என்று பயம். ஒரு வக்கீல் மட்டும் ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார். இரக்கத்தால் இல்லை, இவன் செத்துப்போனால் கடைசியாகப் பார்த்தவர்கள் என்று நம்மைக் கேஸில் இழுப்பார்கள் என்கிற பயத்தால். சரி ஏற்றலாம் என்று முடிவானதும், போர்த்திக்கொள்ள ஒரு கோட்டு வேண்டும். வண்டியில் கோட்டு பலரிடம் இருக்கிறது, ரத்தக்கறை படுமே என்று யாரும் தரவில்லை. கடைசியில் குதிரை மேல் இருக்கிற எடுபிடிப் பையன், ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிக்கொண்டே, தன்னிடம் இருந்த ஒரே மேல்கோட்டைக் கழற்றிக் கொடுக்கிறான். கெட்ட வார்த்தை பேசியதற்காக வண்டியில் இருந்தவர்கள் அவனைக் கண்டிக்கிறார்கள். அந்தப் பையன் பிற்பாடு கோழி திருடியதற்காக நாடு கடத்தப்பட்டான் என்று ஃபீல்டிங் போகிறபோக்கில் ஒரு அடைப்புக்குறிக்குள் சொல்லிவிட்டு நகர்கிறார்.

அந்த அடைப்புக்குறியைப் பாருங்கள். ஒரு நாட்டின் சட்டமும் மரியாதையும் எப்படி வேலை செய்கிறது என்பது முழுக்க அதில் இருக்கிறது. காட்சியை மேடையில் போடுவது போல ஆள் ஆளாக வாயைத் திறக்க வைத்துக் கட்டியிருக்கிறார், முடிவில் ஒதுங்கி நின்று நம் காதில் ஒரு வார்த்தை சொல்கிறார். பத்து வருஷம் கொட்டகையில் பழகாத ஒருவரால் இதை இப்படி எழுதியிருக்க முடியாது.

1744இல் சார்லட் இறந்துபோனார். ஃபீல்டிங் புத்தி பேதலித்துவிடுவாரோ என்று நண்பர்கள் பயந்தார்கள். டாம் ஜோன்ஸின் நாயகி சோஃபியாவை இறந்த மனைவியை மனதில் வைத்துத்தான் எழுதினார், புத்தகத்துக்குள்ளேயே அதைச் சொல்லியும் இருக்கிறார். 1747இல் சார்லட்டுக்கு வேலைக்காரியாக இருந்த மேரி டேனியலைக் கல்யாணம் செய்துகொண்டார், அவர் அப்போது கர்ப்பமாக இருந்தார். லண்டன் பெரிய மனிதர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். பமீலாவைக் கேலி செய்தவனே வேலைக்காரியைக் கட்டிக்கொண்டான் என்று பேச்சு. என்னைக் கேட்டால் அவர் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. அந்தக் காலத்துப் பெரிய வீட்டு ஆண்களில் பெரும்பாலோர் அந்த நிலையில் பெண்ணைத்தான் வெளியே அனுப்பியிருப்பார்கள்.

1749 பிப்ரவரியில் 'டாம் ஜோன்ஸ்' வந்தது. பதிப்பாளர் ஆண்ட்ரூ மில்லர் 600 பவுண்டு கொடுத்தார், விற்பனையைப் பார்த்துவிட்டு இன்னொரு 100 சேர்த்துக் கொடுத்தார். ஆறு தொகுதி, 18 பாகம். ஆறு பாகம் கிராமத்தில், ஆறு பாகம் சாலையில், ஆறு பாகம் லண்டனில். பதினெட்டு என்றால் நமக்குப் பாரதம்தான் ஞாபகம் வரும், ஃபீல்டிங்குக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்காது, ஆனாலும் காவிய அளவில் ஒரு சிரிப்புக் கதை எழுதுகிறோம் என்கிற நினைப்பு அவருக்கு நிச்சயம் இருந்தது. கதை என்னவோ எளிதுதான். ஒரு பெரிய மனிதர் வீட்டுப் படுக்கையில் யாரோ போட்டுவிட்டுப் போன குழந்தை, வளர்ந்து, பக்கத்துப் பண்ணையார் மகள் மேல் ஆசைப்பட்டு, வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, ஊர் சுற்றி, கடைசியில் பிறப்பு ரகசியம் தெரிந்து அவளையே அடைகிறான். ஆனால் அந்தக் கதையைக் கட்டியிருக்கிற விதத்தை, உலகத்திலேயே கச்சிதமான மூன்று கதைக்கட்டில் ஒன்று என்று கவிஞர் கோல்ரிட்ஜ் சொன்னார். மற்ற இரண்டும் என்ன என்று பாருங்கள்: சோஃபோக்ளிஸின் ஈடிபஸ், பென் ஜான்சனின் ஆல்கெமிஸ்ட். இரண்டும் நாடகம்!

மேடை எங்கெல்லாம் இருக்கிறது என்று சொல்கிறேன். ஐந்தாம் பாகத்தில் மோலி என்கிற பெண்ணின் பரண் அறைக்கு டாம் போகிறான், சண்டை நடக்கிறது, மறைப்பாகத் தொங்கவிட்டிருந்த கம்பளம் அறுந்து விழுகிறது, பின்னால் தத்துவ வாத்தியார் ஸ்கொயர், ஊருக்கெல்லாம் ஒழுக்கம் போதிக்கிறவர், கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறார். திரை விலகி ஆள் தெரிகிற சுத்தமான நாடகக் காட்சி. ஒன்பது, பத்தாம் பாகத்தில் அப்டன் ஊர்ச் சத்திரம்: ஒரே ராத்திரியில் கதையில் இருக்கிற பாதிப் பேர் அங்கே வந்து சேர்கிறார்கள், ஒரு கதவில் ஒருவர் நுழையும்போது இன்னொரு கதவில் இன்னொருவர் போய்விடுகிறார், பார்க்க வேண்டியவர்கள் மட்டும் பார்த்துக்கொள்வதில்லை. யார் எப்போது உள்ளே வர வேண்டும், எப்போது வெளியே போக வேண்டும் என்று மேடைக்கு எழுதிப் பழகிய கை அது.

இப்போது நீங்கள் தாண்ட நினைத்த அத்தியாயங்கள். 18 பாகத்துக்கும் முதல் அத்தியாயம் ஆசிரியரின் பேச்சு. முதல் பாகத்தில் தன்னைச் சாப்பாட்டுக் கடைக்காரனாகச் சொல்லிக்கொண்டு, இன்றைக்கு இங்கே கிடைக்கிற ஒரே பண்டம் மனித சுபாவம், பிடிக்காதவர்கள் வேறு கடைக்குப் போகலாம் என்கிறார். ஏழாம் பாகத்தின் முதல் அத்தியாயம் உலகத்தையும் நாடக மேடையையும் பற்றியது. வேட்டைக்காவலன் பிளாக் ஜார்ஜ், தனக்கு உபகாரம் செய்த டாமின் 500 பவுண்டைச் சுருட்டிக்கொண்டு ஓடியதை எடுத்துக்கொள்கிறார். இதை மேடையில் போட்டால் மேல்மாடி டிக்கெட் எப்படிக் கூச்சல் போடும், நடுவில் இருக்கிற பெண்கள் எப்படி முகம் சுளிப்பார்கள், முன்வரிசைக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, நான் திரைக்குப் பின்னால் போய்வந்தவன், ஒரு செயலைப் பார்த்து மட்டும் ஒரு ஆளை வில்லன் என்று முடிவு கட்ட மாட்டேன், இந்தக் காட்சியில் கெட்டவனாக வந்தவன் அடுத்த காட்சியில் நல்லவனாக வரலாம் என்கிறார். காலையில் வேஷத்தைக் கலைத்துவிட்டு, துச்சாதனனும் பாஞ்சாலியும் ஒரே பெஞ்சில் டீ குடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கதைக்குள்ளும் இருந்து, கதைக்கு வெளியே வந்து நம்மோடும் பேசுகிற அந்தக் கட்டியக்காரன் இல்லாமல் டாம் ஜோன்ஸ் வெறும் காதல் கதை. அவன் பேசுவதால்தான், டாம் தப்புக்கு மேல் தப்பாகச் செய்யும்போதும், நாம் அவனை வெறுக்காமல் கூடவே நடக்கிறோம்.

பதினாறாம் பாகத்தின் ஐந்தாம் அத்தியாயத்தை இன்று ராத்திரியே படியுங்கள். டாம் தன்னோடு இருக்கிற பார்ட்ரிட்ஜை லண்டனில் 'ஹாம்லெட்' நாடகத்துக்குக் கூட்டிப்போகிறான். ஹாம்லெட்டாக நடிப்பது அந்தக் காலத்தின் மிகப் பெரிய நடிகர், நிஜ மனிதர், டேவிட் கேரிக். பேய் வந்ததும் கேரிக் நடுங்க, அதைப் பார்த்துப் பார்ட்ரிட்ஜுக்கு முழங்கால் ஒன்றோடொன்று அடித்துக்கொள்கிறது. நாடகம் முடிந்து, யார் நன்றாக நடித்தது என்று கேட்டால், ராஜா வேஷக்காரர்தான் என்கிறான். கேரிக்கா? அந்த ஆள் என்ன செய்தான், பேயைப் பார்த்தால் நானும் அப்படித்தான் நடுங்கியிருப்பேன், ராஜாதான் ஒவ்வொரு வார்த்தையும் சத்தமாக, தெளிவாகப் பேசினார், பார்த்தாலே நடிகர் என்று தெரிகிறது! நல்ல நடிப்பு என்றால் என்ன என்று இதைவிட நன்றாக யாரும் விளக்கியதில்லை, கேரிக் ஃபீல்டிங்கின் நண்பர், ஒரு நண்பனுக்குக் கிடைத்த பெரிய பாராட்டும் இதுதான்.

நாவல் எழுதி முடிக்கும் நேரத்தில்தான் அவர் மாஜிஸ்திரேட் ஆனார், 1748இல் வெஸ்ட்மின்ஸ்டருக்கு, அடுத்த வருஷம் மிடில்செக்ஸ் மாவட்டத்துக்கும். நம் முதல் தமிழ் நாவலை எழுதிய வேதநாயகம் பிள்ளையும் முன்சீப்பாக இருந்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம், வழக்குக் கேட்டுப் பழகிய காது நாவலுக்கு நல்ல மூலதனம். லண்டனில் அந்தக் காலத்து மாஜிஸ்திரேட்டுகள் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கட்டணம் கறந்து பிழைத்தவர்கள். உலகத்திலேயே அழுக்கான பணம், வருஷம் 500 பவுண்டு வந்துகொண்டிருந்தது, ஏழைகளிடம் பிடுங்காமல் சண்டைகளைச் சமாதானம் செய்து அனுப்பியதால் அதை 300 சொச்சமாகக் குறைத்துவிட்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார். போ தெருவில் இருந்த அவர் வீடே கோர்ட். அங்கே திருடர்களைப் பிடிக்கக் கொஞ்சம் ஆட்களைச் சேர்த்து அவர் ஆரம்பித்த படைதான் போ ஸ்ட்ரீட் ரன்னர்ஸ், லண்டன் போலீஸுக்கு முன்னோடி. பார்வை இல்லாத அவருடைய தம்பி ஜான் ஃபீல்டிங், வேறு தாய் மகன், அவருக்குப் பின்னால் அதை வளர்த்தார்.

மாஜிஸ்திரேட் ஃபீல்டிங் எல்லா இடத்திலும் என் மனதுக்குப் பிடித்தவர் இல்லை. 1749 கலவரத்தில் பிடிபட்ட போசவர்ன் பென்லெஸ் என்ற இளைஞனைத் தூக்கில் போட்டதை நியாயப்படுத்தி ஒரு புத்தகமே எழுதினார். கோழி திருடிய பையனுக்காக நம்மை வருந்த வைத்தவர் எழுதியதா இது என்று தோன்றும். நாவலில் இருந்த விசாலம் நாற்காலியில் உட்கார்ந்ததும் சுருங்கிவிட்டது. கடைசி நாவல் 'அமீலியா' 1751 டிசம்பரில் வந்தது, ஊழல் பிடித்த ஒரு மாஜிஸ்திரேட்டின் விசாரணையில் ஆரம்பித்துச் சிறைக்குள் போகிறது. கண்ணால் பார்த்த அநியாயம் அதில் நிறைய இருக்கிறது. ஆனால் அந்தப் பேசுகிற குரல் குறைந்துவிட்டது, அதனாலேயே புத்தகம் கனத்துக் கிடக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

உடம்பும் கெட்டுவிட்டது. கீல்வாதம், மூச்சிரைப்பு, வயிற்றில் நீர் கோத்தல். 1754 ஜூன் கடைசியில் வெயிலுக்காக லிஸ்பனுக்குக் கப்பல் ஏறினார். நடக்க முடியாமல் நாற்காலியில் வைத்துத் தூக்கி ஏற்றும்போது கரையில் நின்ற படகுக்காரர்களும் மாலுமிகளும் அவர் வீங்கின உடம்பைப் பார்த்து நக்கலடித்துச் சிரித்ததை அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பயணக் குறிப்பில் ஒரு பூனைக்குட்டிக் கதை வரும். குட்டி கடலில் விழுந்துவிடுகிறது, முரட்டுக் கேப்டன் பாயைத் தளர்த்திக் கப்பலை நிறுத்தச் சொல்கிறார், ஒரு மாலுமி சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்து, குட்டியை வாயில் கவ்விக்கொண்டு நீந்தி வருகிறார், செத்தது என்று நினைத்த குட்டி பிழைத்துக்கொள்கிறது. சாகப்போகிற மனிதர், வலியில் புரண்டுகொண்டிருக்கிறவர், இதை இவ்வளவு ரசித்து எழுதியிருக்கிறார். 1754 அக்டோபர் 8ஆம் தேதி லிஸ்பனில் இறந்தார், வயது 47. அங்கேயே ஆங்கிலேயர் கல்லறையில் அடக்கம். குறிப்பு அடுத்த வருஷம் புத்தகமாக வந்தது.

படிக்கிற வரிசை கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன் தம்பி. டாம் ஜோன்ஸை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் அந்த நீள வாக்கியங்கள் பழகுவதற்குள் அலுப்புத் தட்டும். முதலில் ஜோசப் ஆண்ட்ரூஸில் அந்தக் கோச் வண்டிக் காட்சி, முதல் பாகம் பன்னிரண்டாம் அத்தியாயம். அடுத்து பார்ட்ரிட்ஜ் நாடகம் பார்க்கிற அத்தியாயம். அப்புறம் ஏழாம் பாகத்தின் முதல் அத்தியாயம். இந்த மூன்றையும் சத்தம் போட்டுப் படியுங்கள், மனதுக்குள் படித்தால் பாதி போய்விடும், அது காதுக்கு எழுதின எழுத்து. காது பழகின பிறகு டாம் ஜோன்ஸை எடுத்தால் தடையில்லாமல் போகும். பரீட்சைக்கு நேரம் போதவில்லை என்றால் பதினொன்றாம் பாகத்திலிருந்து பதினைந்து வரை வேகமாகப் புரட்டிக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொரு பாகத்தின் முதல் அத்தியாயத்தையும் விடாதீர்கள்.